ஆஸ்பத்திரி வாசலில் நம் தமிழ்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேச ஊரிலிருந்து புலவர் ஒருவர் வருவது வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் காலனிக்குள்ளேயே ஆள் பிடித்துவிட்டனர். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, முன்பதிவுக் கவுண்டரிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இலக்கியம் பேசத் தகுதி இல்லை. ஆகவே எங்களுக்குத் தெரிந்த ஒன்றைப் பேசுகிறோம். நோய் வந்தால் நம்மவர் எந்த மொழியில் அதைச் சொல்கிறார்கள் என்பதே இன்றைய பேச்சு.

நம்முள் பெரும்பாலோர் இந்தி படிக்காமல் இங்கு வந்தவர்கள். 1968இல் நம் மாநிலச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அதற்குப் பின் பள்ளி சென்றவர்கள் நாம். அது சரியா தவறா என்பது இவ்வுரையின் பொருள் அன்று. அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இரவு உணவு ஆறிவிடும். ரயில்வேத் தேர்வில் தேறினோம். சோட்டா நாகபுரிப் பக்கம் வேலை கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். ஆண்கள் ஆபீசில் ஓராண்டுக்குள் இந்தியைப் பிடித்துக்கொண்டனர். திருமணமாகி வந்த பெண்கள் சந்தையில் பிடித்துக்கொண்டனர். உருளைக்கிழங்கின் விலையைக் குறைக்கவும், பால்காரனிடம் தண்ணீர் கலந்ததைக் கேட்கவும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சந்தை இந்தி வேறு, நோய் இந்தி வேறு. இதை நாம் தாமதமாகவே உணர்ந்தோம்.

நம் காலனியில் பழைய வேடிக்கைகள் சில உண்டு. புதிதாக வந்த ஒருவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நர்ஸ் அம்மையார் "புகார் ஹை?" என்று கேட்டார். இந்தியில் அது காய்ச்சல். நம்மவரோ, "ஐயையோ, புகார் ஒன்றும் இல்லை, எல்லாரும் நன்றாகவே கவனிக்கிறார்கள்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இன்னொருவர் சிறுநீரகக் கல்லை "கிட்னி மே கல்" என்றார். இந்தியில் 'கல்' என்பது நேற்றும் ஆகும், நாளையும் ஆகும். நாம் சொல்லும் கல்லுக்கு அங்கே 'பத்ரி' என்று பெயர். நேற்றா, நாளையா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டாராம். இவற்றைப் பொங்கல் விழாவில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரிக்க முடியாத ஒன்றும் எங்கள் வீட்டில் நடந்தது. அதற்கு முன் எங்கள் கவுண்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இப்பகுதியிலிருந்து நாள்தோறும் எத்தனை பேர் காட்பாடிக்குப் பயணச்சீட்டு வாங்குகிறார்கள் என்பதைக் கவுண்டரில் உட்கார்ந்தவர்களே அறிவார்கள். வேலூருக்கு இறங்கும் நிலையம் அது. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவ நிலையம் இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. வங்காளத்தாரும் ஜார்க்கண்டு மக்களும் அதை நம்பித் தன்பாத்–ஆலப்புழை வண்டியில் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் எக்ஸ்ரேயும் பழைய சீட்டுகளும். புற்றுநோய்ச் சலுகைக்கான தாளை நீட்டும்போது அவர்கள் கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறோம். எங்கள் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, "பாபுஜி, நீங்கள் மதராஸிதானே, அங்கே போய் நாங்கள் என்ன பேசுவது?" என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் கடைகளிலும் வங்காளியும் இந்தியும் பேசுகிறார்கள், பலகைகளே அம்மொழிகளில் உண்டு, பயப்படாதீர்கள் என்போம். ஆயினும் ரயிலிலிருந்து இறங்கியவுடன் உதவட்டுமே என்று ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதிக் கொடுப்போம். 'எனக்குத் தமிழ் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. இன்ன மருந்து ஒவ்வாது' என்று நான்கு வரிகள். அப்படி எத்தனை சீட்டுகள் எழுதியிருப்போமோ, கணக்கில்லை.

ஊராருக்கெல்லாம் சீட்டு எழுதிய எங்களுக்கு, சொந்த வீட்டில் ஒரு சீட்டு எழுதி வைக்கத் தோன்றவில்லை.

2022 ஆகஸ்டு மாதம். தந்தையார் காலமான பின் தாயார் எங்களோடு வந்து தங்கியிருந்தார். வயது 68, பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. இரண்டு நாளாக வாந்தி. விழுங்கிய மாத்திரை எதுவும் தங்கவில்லை. காலை ஷிப்டுக்கு நாங்கள் போன பிறகு அவருக்கு மயக்கம் அதிகமாயிற்று. இல்லாள் பதறி, நான்காம் வகுப்புப் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு, ஓர் ஆட்டோவில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனார். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கு வேண்டாம். என்ன தொந்தரவு என்று அங்கிருந்த சிப்பந்தி கேட்டார். தாயார் தம் நோயை எப்போதும் சொல்வது போலவே "சக்கரை, சக்கரை" என்றார். அச்சொல் அந்தச் சிப்பந்தியின் காதில் 'சக்கர்' என்று விழுந்தது. இந்தியில் 'சக்கர்' என்றால் தலைசுற்றல். (சர்க்கரைக்கு 'ஷக்கர்' என்ற சொல் அங்கும் உண்டுதான். ஆனால் நோயை 'ஷுகர்' என்றே அவர்கள் கூறுவர்.) "சக்கர் வருகிறதா?" என்று அவர் குழந்தையைப் பார்த்துக் கேட்டார். குழந்தைக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு. பாட்டிக்குத் தலை சுற்றியதும் உண்மை. ஆகவே "ஆமாம்" என்றாள். பாட்டியின் நோய்க்கு இன்ன பெயர் என்று அவளுக்கு யாரும் சொல்லிவைத்ததில்லை.

வாந்தி, தலைசுற்றல், சோர்வு என்று எழுதிக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஐந்து சதவீதக் குளுக்கோஸ் அரை லிட்டர் என்றால் அதில் 25 கிராம் சர்க்கரை. ஒரு பாட்டில் முடிந்து இரண்டாவது ஏறிக்கொண்டிருந்தது. மாலை முறைக்கு வந்த நர்ஸ் அம்மையார் கேரளத்தவர். "நாக்கு வறளுதே, தண்ணி, தண்ணி" என்று தாயார் முனகியதைக் கேட்டவுடன் நின்றார். "அம்மே, ஷுகர் உண்டோ?" என்று கேட்டார். விரலில் குத்திப் பார்த்ததில் கருவி 450ஐத் தாண்டிக் காட்டியது. பாட்டில் இறங்கியது, வேறு நீரும் இன்சுலினும் ஏறின. ஐந்து நாள் கழித்துத் தாயார் வீடு திரும்பினார். இந்தியா முழுவதும் ஆஸ்பத்திரிகளில் பணிபுரியும் கேரளத்துச் சகோதரிகள் நம்மவர் எத்தனை பேருக்கு நாவாக இருந்திருக்கிறார்கள் என்று எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது.

அந்தச் சிப்பந்தியின்மீது நாங்கள் குறை சொல்லவில்லை; அவர் காது அறிந்த சொல்லை அவர் கேட்டார். ஆயினும் இரத்தச் சர்க்கரையை முதலிலேயே பார்த்திருக்கலாமே என்ற ஆற்றாமை இன்றுவரை போகவில்லை. நான்காம் நாள் இரவு மகள் எங்கள் அருகே வந்து படுத்துக்கொண்டு, "நான் ஆமாம் என்று சொன்னதனால்தானா, அப்பா?" என்று கேட்டாள். இல்லையம்மா என்றோம். அவள் நம்பினாளா என்பது தெரியவில்லை. தாயார் அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. "டாக்டர்கிட்ட வாய்விட்டுப் பேசுற ஊர்ல இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். நோய்க்கும் எங்களுக்கும் நடுவில் மொழி நின்றது என்று எண்ணியிருந்தோம். தாய்க்கும் எங்களுக்கும் நடுவிலும் அது நின்றுவிட்டது.

இத்தகைய பிழை நமக்கு மட்டும் நேர்வதன்று. 1980இல் அமெரிக்காவின் புளோரிடாவில், ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்து இளைஞர் ஒருவர் மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார். குடும்பத்தார் 'இன்டாக்ஸிகாடோ' என்றனர். ஒவ்வாததை உண்டதால் வந்த உபாதை என்ற பொருளில் அவர்கள் சொன்னது, ஆங்கிலக் காதில் போதை என்று விழுந்தது. போதை மருந்துக்கான சிகிச்சை நடந்தது. மூளையில் இரத்தம் கசிந்திருந்தது பின்னரே தெரிந்தது. அவர் கைகால் இயங்காதவராகிவிட்டார். பணத்திலும் கருவியிலும் குறைவில்லாத நாட்டில் ஒரே சொல் செய்த வேலை அது.

நம் நிலைமையிலும் பணம் பெரிய தடையன்று. ரயில்வே மருத்துவ அட்டை உண்டு, நம் குடும்பத்தாருக்கு மருந்தும் படுக்கையும் உண்டு. டாக்டரின் மேசைக்கு முன்னே உள்ள அந்த நாற்காலிவரை நாம் எளிதாகப் போய்விடுகிறோம். அதில் உட்கார்ந்த பிறகே தடை தொடங்குகிறது.

வலிக்குத் தமிழில் எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இசிவு, பிசைதல். மூட்டில் குடைவது வேறு, நெஞ்சில் அழுத்துவது வேறு என்று நம் பாட்டிமார் நுணுக்கமாகச் சொல்வர். நாமோ அத்தனையையும் கொண்டுபோய் 'தர்த்' என்ற ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். இந்தியில் சொற்கள் இல்லாமல் இல்லை. நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே. எரிச்சலுக்கு 'ஜலன்' உண்டு. படபடப்புக்கு 'கப்ராஹட்' உண்டு. வீக்கத்துக்கு 'ஸூஜன்' உண்டு.

சொல்லுக்குச் சொல் மாற்றினாலும் ஆபத்துதான். மூச்சு வாங்குகிறது என்பதை நம் சகோதரி ஒருவர் தம் கணவருக்காக "ஸான்ஸ் லே ரஹே ஹைன்" என்று மொழிபெயர்த்தார். மூச்சு விடுகிறார் என்றே அதற்குப் பொருள். மூச்சு விடுவது நல்லதுதானே என்று டாக்டர் புன்னகை செய்தாராம். 'ஸான்ஸ் ஃபூல் ரஹீ ஹை' என்றிருக்க வேண்டும். இதில் விளையாட்டு இல்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு சில வேளைகளில் நெஞ்சு வலியே இல்லாமல், வியர்வையாகவும் மூச்சிரைப்பாகவும் வரும் என்பது மருத்துவர்கள் அறிந்த உண்மை. அதை நாம் 'வாயு' என்று சொல்ல, அது 'கேஸ்' என்று எழுதப்பட்டு, ஒரு ஜெலுசில் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டால் என்ன ஆகும்?

அடுத்துச் சொல்வதை மேடையில் சொல்லச் சிறிது தயக்கம்தான். சம்பந்தப்பட்ட சகோதரியே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டதால் சொல்கிறோம். இரண்டாண்டு காலம் அவருக்கு மாதவிலக்கில் மிகுந்த உதிரப்போக்கு இருந்தது. கணவருக்கு வண்டியோடு போகும் வேலை. வாரத்தில் நான்கு நாள் வெளியூர். ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் பன்னிரண்டு வயது மகனே போனான். அந்தப் பிள்ளையிடம் ஒரு தாய் எதைச் சொல்வாள்? வயிற்று வலி என்று சொல்லச் சொன்னார். அவனும் 'பேட் மே தர்த்' என்றான். ஒவ்வொரு முறையும் வயிற்றுப் புண்ணுக்கான மருந்தே வந்தது. இரத்தம் ஆறு கிராம் அளவுக்கு இறங்கி, படியேறும்போது விழுந்த பின்பே ஸ்கேன் எடுத்தார்கள்; கருப்பையில் கட்டி என்று தெரிந்தது. அறுவைக்கு முன் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்திட்டார். கட்டியை எடுக்கப் போகிறார்கள் என்று அவர் எண்ணியிருந்தார். கருப்பையையே எடுப்பதாகத் தாளில் இருந்தது. டாக்டர் 'பச்சேதானி' என்று சொல்லத்தான் சொன்னார். அது கருப்பையைக் குறிக்கும் சொல் என்பது அப்போது கணவருக்கும் தெரியாது. ஒருவேளை எடுத்தேயாக வேண்டிய நிலைமையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் 38 வயதுப் பெண் ஒருத்தி அதை வீடு திரும்பிய பின், அடுத்த வீட்டுப் பெண்மணி சொல்லித் தெரிந்துகொள்வதா?

சட்டம் இதில் நம் பக்கமே நிற்கிறது. இதைப் போலவே கருப்பை அகற்றம் பற்றிய வழக்கொன்றில் 2008இல் உச்ச நீதிமன்றம், நோயாளி விவரம் அறிந்து தாமே தரும் இசைவு வேண்டும், ஒன்றுக்குத் தந்த இசைவை வேறொன்றுக்கு எடுத்துக்கொள்ளல் ஆகாது, உயிர் காக்கும் அவசரமே விலக்கு என்று கூறியது. தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டியலை மத்திய நலவாழ்வு அமைச்சகம் 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. நோயின் விவரத்தை நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பட்டியலில் இருப்பது வேறு, பகல் பன்னிரண்டு மணிக்கு நூறு பேர் நிற்கும் வரிசையில் நடப்பது வேறு. இருந்தாலும் கையெழுத்திடுமுன் "ஏக் மினிட், இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதைச் சகோதரிகள் நினைவில் வைக்க வேண்டும்.

சங்கம் செய்தவை மிகச் சிறியவை. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ள பெரியவர்களுக்கெல்லாம் ஓர் அட்டை எழுதிக் கொடுத்தோம். பெயர், நோய், உண்ணும் மருந்து, ஒவ்வாத மருந்து, வீட்டாரின் தொலைபேசி எண். ஒரு பக்கம் இந்தி, மறுபக்கம் ஆங்கிலம். கவுண்டரில் எழுதிய அதே நான்கு வரிகள்தாம். அடுத்தபடியாக, இந்தி நன்கு அறிந்த பெண்கள் ஏழு பேர், யார் அழைத்தாலும் ஆஸ்பத்திரிக்குத் துணை வருவதாக ஒப்புக்கொண்டனர். குழந்தைகளை மொழிபெயர்க்க அனுப்புவதில்லை என்றும் முடிவாயிற்று. சிலர், கைபேசியே இப்போது மொழிபெயர்க்கிறதே என்றார்கள். அதுவும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் 'நெஞ்சைக் கரிக்குது' என்று நம் ஊர் வழக்கில் சொன்னால் அது பல வேளை திணறிப்போகிறது. எழுத்துத் தமிழில் நோயைச் சொல்பவர் நம்மில் யார்? இன்னொரு செய்தியும் உண்டு. மனச்சோர்வு, தூக்கமின்மை போன்றவற்றுக்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற சேவை 14416 என்ற எண்ணில் இருக்கிறது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். பகலெல்லாம் தனியே குவார்ட்டர்ஸில் அடைந்து கிடக்கும் நம் பெண்களுக்கும் முதியோருக்கும் இந்த எண் தெரிந்திருப்பது நல்லது.

மூன்றாவதாக ஒரு நோட்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பெண்கள் வாசகசாலையில் கூடி, அக்கம்பக்கத்து இந்திக்காரப் பெண்மணிகளையும் அழைத்து, உடம்பைப் பற்றிய சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறார்கள். முதல் பத்தியில் தமிழ், இரண்டாவதில் இந்திச் சொல் தமிழ் எழுத்தில், மூன்றாவதில் நாகரி எழுத்தில். வாய் வராவிட்டால் விரலால் காட்டலாம். ஆண்களுக்கு அங்கே அனுமதியில்லை. அதனால்தான் அந்த நோட்டு உருப்பட்டது.

சென்ற மார்கழியில் ஓர் இரவு, மணி இரண்டு இருக்கும். பின்வரிசை குவார்ட்டர்ஸில் இருக்கும் பாயிண்ட்ஸ்மேன் கதவைத் தட்டினார். அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை, மருமகள் நிறைமாதம். "படே பாபு, பையன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறான், அங்கே என்னவோ சொல்கிறார்களாம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை" என்று கைபேசியை எங்கள் கையில் கொடுத்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் ஒரு நர்ஸ் அம்மையார். தமிழ்க் குரல் கேட்டதும், "அப்பாடா! பனிக்குடம் உடைஞ்சிருச்சுன்னு அந்தப் பையன்கிட்டச் சொல்லுங்க சார். டாக்டர் வந்துட்டாங்க, உடனே உள்ளே கொண்டுபோறோம், கையெழுத்து வேணும்" என்றார்.

எங்களுக்கு வாய் அடைத்துவிட்டது. பனியும் தெரியும், குடமும் தெரியும். இரண்டையும் இந்தியில் சேர்த்துச் சொன்னால் என்ன கேலிக்கூத்து ஆகுமோ என்று திகைத்து நின்றோம். அதற்குள் எங்கள் பின்னாலிருந்து இல்லாள் முன்னே வந்து, பாயிண்ட்ஸ்மேனின் மனைவியைப் பார்த்து, "பானீ கீ தைலீ ஃபட் கயீ ஹை, பஹன்ஜீ, டாக்டர் ஆ கயீ ஹைன்" என்றார். 2022இல் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சொல்லும் வராமல் நின்றவர் அவர்தாம். அந்த அம்மாள் உடனே கைபேசியை வாங்கி, எங்கே கையெழுத்திட வேண்டும், என்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்று மகனுக்குச் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல, இல்லாள் அதை நர்ஸுக்குத் தமிழில் சொன்னார். ஆண்கள் இருவரும் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டோம். விடியும் நேரத்தில் பெண் குழந்தை என்று செய்தி வந்தது.

அச்சொல் அதுவரை நோட்டில் ஏறவில்லையாம். பக்கத்து வீட்டுப் பிரசவம் ஒன்றில் காதில் விழுந்ததாம். அடுத்த ஞாயிறு அதை எழுதிச் சேர்த்தார்கள், 61ஆம் சொல். நோட்டு வாசகசாலை மேசையின் வலப்பக்க இழுப்பறையில் இருக்கிறது, சாவி நூலகப் பொறுப்பாளரிடம். 'பத்தியம்' என்பதற்குச் சரியான சொல் இன்னும் கிடைக்கவில்லை. 'பர்ஹேஜ்' என்று சிலர் சொல்கிறார்கள், அது போதாது என்று சிலர் வாதிடுகிறார்கள். தெரிந்தவர்கள் வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வந்து சொல்லலாம்.